ஐந்து நிமிட நோயாளி

19 மே 2025, திங்கள்

இன்று முதல் நான் நோயாளி. காலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை வரை மட்டும். நர்ஸ், ரூபி. அவள் நர்ஸாக இருப்பது புதிதில்லை. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக அதுதான் வேலை. புதிது என்னவென்றால் எல்லாம் இங்கிலீஷில்.

அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. செப்டம்பர் கடைசி வரைதான் அது செல்லும். அதற்குள் நர்ஸுகளுக்கான இங்கிலீஷ் பரீட்சையைத் தாண்ட வேண்டும். மார்ச்சில் ஒருமுறை எழுதினாள். கேட்பது, படிப்பது, எழுதுவது எல்லாம் பாஸ். பேசுவதில் இருநூற்றுத் தொண்ணூறு. முந்நூற்று ஐம்பது வேண்டும். மறுபரீட்சை ஜூலை 12, திருவனந்தபுரத்தில்.

பேச்சுப் பரீட்சை ஒரு சின்ன நாடகம். ஒரு கார்டு தருவார்கள். எதிரே ஒரு அம்மாள் நோயாளியாக நடிப்பாள். ஐந்து நிமிடம் நர்ஸ் அவளோடு பேச வேண்டும். ரூபி உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்க கூட யார் வந்திருக்காங்க?" அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாளாம். இவள், "அட்டெண்டரை வரச் சொல்லுங்க" என்றாளாம். இங்கிலீஷில்தான். தப்பே இல்லாத இங்கிலீஷ். நம்மூர் ஆஸ்பத்திரியில் நோயாளி படுத்திருப்பார், கூட வந்த அட்டெண்டர்தான் பேசுவார். பதினெட்டு வருடப் பழக்கம் பரீட்சை ஹாலுக்குள்ளும் கூடவே போய்விட்டது.

ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கும் புனலூர் மிஸ், வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்துப் பழகச் சொல்லியிருக்கிறார். மகள் ஷாரோன் ஏழு மணிக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே நான். எனக்குத் தெரிந்தது பாலிடெக்னிக் இங்கிலீஷ். மோட்டார் ரிப்பேர் கடைக்கு அது போதும், நோயாளிக்குப் போதாதாம். ஒயர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. வார்த்தைகளை எழுதி வைக்க எடுத்திருக்கிறேன்.

22 மே, வியாழன்

பெயின்: எல்லா வலிக்கும் பொது.
ஏக்: மந்தமாக, விடாமல் நீடிக்கிற வலி. தலை, பல், முதுகு, வயிறு, இவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஹெட்ஏக் உண்டு. லெக்ஏக் என்று யாரும் சொல்வதில்லை. ஏன்? "அப்படித்தான்" என்றாள்.
சோர்: அசைத்தால் நோவது. தொண்டைக்கும், நிறைய நடந்த காலுக்கும்.
டெண்டர்: டாக்டர் அமுக்கிப் பார்க்கும்போது தெரிகிற வலி.
ஹர்ட்: வலிக்கிறது என்று சொல்ல. மனசுக்கும் இதுவேதான்.

நம்மிடம் இல்லாததா? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, எரிச்சல். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு "நோவுது" என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறோம்.

26 மே, திங்கள்

கடையத்திலிருந்து நாறும்பூநாதன் அண்ணாச்சி வயல் மோட்டாரை லோடு ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினார்.

"என்ன செய்யுது அண்ணாச்சி?"

"சரியில்லடே."

"சரியில்லன்னா? சத்தம் வருதா, சூடாவுதா, தண்ணி கொறயுதா?"

"எல்லாந்தான். நீ பாரேன்."

ஒன்பது கேள்வி கேட்டேன். இருபது நிமிடம் ஓடின பிறகுதான் உறுமுகிறது, அதற்கு முன்னால் இல்லை என்பதை வாங்குவதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது. பேரிங்தான். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்கள். மோட்டாரைக் காட்டிக்கொடுப்பது பாவம் என்பதுபோல் நிற்பார்கள்.

டியூட்டி முடிந்து வந்த ரூபி கடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க மொதல்ல 'என்ன செய்யுது'ன்னு கேட்டீங்கல்லா, அதுதான் ஓப்பன் கொஸ்டின். ஆளு இஷ்டத்துக்குச் சொல்லலாம். பொறவு கேட்டதெல்லாம் க்ளோஸ்டு. மிஸ் இதத்தான் ரெண்டு மாசமாச் சொல்லுதாவ. எனக்குத்தான் ஏற மாட்டேங்குது."

நான் இருபது வருடமாக இதைத் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறேன். கொஞ்சம் பெருமையாக இருந்தது.

30 மே, வெள்ளி

இன்றைய கார்டு: மூன்று மாதக் கைக்குழந்தையின் தாய், தாய்ப்பால் பற்றிக் கவலை. நடித்தேன். ஷாரோன் அதிசயமாக எழுந்து வந்து, தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

3 ஜூன், செவ்வாய்

சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜில் பம்ப் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். அரை மைலில் அருவி கொட்டுகிறது, லாட்ஜ் குழாயில் சொட்டு இல்லை. சென்னைக்காரர்கள் வராண்டாவில் துண்டோடு நிற்கிறார்கள். பம்ப் மூன்றாம் மாடிக்கு மேலே. கழற்றி, கீழே வேனில் வைத்துச் சரிபார்த்து, மறுபடி தூக்கிக்கொண்டு ஏறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அது வந்தது.

'அது' என்றே எழுதுகிறேன். முதல் தடவை ஈஸ்டர் அன்று, சர்ச்சில் நாற்காலிகளை அடுக்கும்போது. நெஞ்சுக்கு நடுவில். இது ஐந்தாவது தடவை. படியில் உட்கார்ந்தேன். நான்கு நிமிடத்தில் போய்விட்டது. லாட்ஜ் மேனேஜர் என்ன என்று கேட்டார். கேஸ் என்றேன். நெஞ்சுக்குள் என்ன நடந்தாலும் இந்த ஊரில் அதற்குப் பெயர் கேஸ்.

ரூபியிடம் சொல்லவில்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது கேட்டால் உதவும். சொன்னால் பரீட்சையைத் தள்ளி வைப்பாள். தள்ளி வைத்தால் செப்டம்பருக்குள் முடியாது. வேலைக் கடிதம் செத்துவிடும். ஒருமுறை இப்படி நடந்திருக்கிறது. சவூதிக்கு விசா வந்த மாதத்தில் ஷாரோன் வயிற்றில் இருந்தாள். ரூபி விசாவை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அதைப்பற்றிப் பதினைந்து வருடமாக ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தீர்த்திருப்பேன்.

ஜூலை பன்னிரண்டு கழியட்டும். முப்பத்தொன்பது நாள்.

9 ஜூன், திங்கள்

வொரீட்: ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு உழல்வது.
ஆங்ஷியஸ்: இனி நடக்கப்போவதை நினைத்துப் படபடப்பது.
நெர்வஸ்: மேடை, பரீட்சை, பெண் பார்க்கப் போவது. முடிந்ததும் போய்விடும்.
ஸ்கேர்டு: பயம். குழந்தைகூடச் சொல்லும்.
கன்சர்ன்டு: நர்ஸ் படவேண்டிய கவலை. "உங்க சுகர் பத்தி ஐயாம் கன்சர்ன்டு." நர்ஸ் ஒருநாளும் ஸ்கேர்டு ஆகக் கூடாதாம்.

ஒவ்வொரு கார்டிலும் நோயாளி ஒளித்து வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. என் கார்டில் எழுதியிருக்கும்: கேட்டால் மட்டும் சொல்லவும். இதில் நான் நன்றாகச் செய்கிறேன்.

"நீங்க இப்படி இறுக்கி மூடி வச்சா நான் எப்படி எடுக்கது?" என்றாள்.

"பரீட்சைல அந்தம்மா மட்டும் தொறந்து வச்சிருப்பாளா?"

"அவளாவது பாவம் பாத்துச் சொல்லுவா. நீங்க கல்லுளிமங்கன்."

16 ஜூன், திங்கள்

எழுத்து பாஸ் ஆனாலும் கை விட்டுப் போகக் கூடாதென்று மாதிரிக் கடிதம் எழுதுகிறாள். ஒரு வரி: பேஷண்ட் டினைஸ் செஸ்ட் பெயின்.

மறுக்கிறாரா? அப்படியென்றால் நர்ஸ் நம்பவில்லையா என்று கேட்டேன். இல்லையாம். நெஞ்சுவலி இல்லையென்று அவரே சொன்னார், அவ்வளவுதான். அதோடு இன்னும் இரண்டு. ரெஃபியூஸ்: மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்வது. டிக்ளைன்: வேண்டாம் என்று மரியாதையாக ஒதுங்குவது. எங்கள் வார்டு ரிஜிஸ்டரில் எல்லாரும் ரெஃபியூஸ்தான் செய்திருக்கிறார்கள், தென்காசியில் இதுவரை ஒருத்தர்கூட டிக்ளைன் செய்ததில்லை என்றாள். இருவரும் சிரித்தோம்.

சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது அது வந்தது. வலது கையால் இறக்கினேன், தாடைவரை போனது. வண்டிமேல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என்ன இவ்வளவு நேரம் என்று கேட்டாள். மழை என்றேன்.

23 ஜூன், திங்கள்

டயர்டு, வீக், எக்ஸாஸ்டட். படித்தோம். பத்தொன்பது நாள்.

2 ஜூலை, புதன்

சாயங்காலம் எழுதுகிறேன். காலையில் நடந்தது.

கார்டு நல்ல கார்டு. ஐம்பது வயதுக் கடைக்காரர். நெஞ்சில் இரண்டு நாளாக டிஸ்கம்ஃபர்ட். அஜீரணம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். நர்ஸ் அவரை நிறுத்தி வைக்க வேண்டும். எனக்கு நடிக்கக் கஷ்டமே இல்லை, அவருக்கு வயது மட்டும்தான் என்னைவிட நான்கு கூடுதல்.

வழக்கம்போல் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரெதிரே. போனில் ஐந்து நிமிட அலாரம் வைத்தாள். பெயர் சொல்லி வணக்கம் சொன்னாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அந்த டிஸ்கம்ஃபர்ட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா என்றாள். ஓப்பன் கொஸ்டின். என்னிடம்தான் ஒன்றரை மாதமாகச் சேர்த்த வார்த்தைகள் இருக்கின்றனவே. டைட் என்றேன். இடுப்பு பெல்ட்டை நெஞ்சில் கட்டினமாதிரி. ஷார்ப் இல்லை, ஹெவி. குத்தவில்லை, அமுக்குகிறது. பாரம் தூக்கினால் வரும். உட்கார்ந்தால் போகும். சில சமயம் தாடைக்கு. அருமையாக வந்தது. நானே அசந்துபோனேன்.

எப்போது ஆரம்பித்தது என்றாள்.

ஈஸ்டர் என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. அதைத்தான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனை நிமிடம் இருக்கும், வியர்க்குமா, மூச்சு வாங்குமா, சும்மா இருக்கும்போதும் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக, மிஸ் சொன்ன வரிசையில், நான் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள். நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா பாருங்கள் என்று தொகுத்துச் சொன்னாள். ஐயாம் கன்சர்ன்டு என்றாள். அவ்வளவு நல்ல இங்கிலீஷ் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. போன் அடித்தது.

கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். "எப்படி, இன்னைக்கு நம்ம நடிப்பு?" என்று இங்கிருந்து கேட்டேன்.  வரும்போது கையில் வண்டிச் சாவியும் என் சட்டையும்.

"சட்டயப் போடுங்க."

"எங்க?"

"ஈசிஜி எடுக்க."

"கார்டுக்கா?"

"கார்டுல ரெண்டு நாளுன்னுதான் போட்டிருக்கு."

வண்டியை அவளே ஓட்டினாள். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிற்க வேண்டியிருந்தபோது, திரும்பாமலே, "ரெண்டரை மாசம்" என்றாள். பிறகு, "கடையத்து அண்ணாச்சி மோட்டாரு எப்ப உறுமுதுன்னு ஒம்பது கேள்வி கேப்பீங்க. உங்களுக்கு மட்டும் கேஸ்" என்றாள். கிளம்புவதற்குள் வண்டி இரண்டு தடவை அணைந்துபோனது. 

ஈசிஜி சரியில்லை. நாளை திருநெல்வேலி.

5 ஜூலை, சனி

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணல்.

வியாழக்கிழமை ஆஞ்சியோ எடுத்தார்கள். எடுத்து முடித்து என்னை வார்டில் போட்டார்கள். டாக்டர் வந்தார், ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார், "ஒண்ணுமில்ல, ரெஸ்ட் எடுங்க" என்றார். பிறகு ரூபியிடம், "அட்டெண்டர், கொஞ்சம் வெளிய வாங்கம்மா" என்றார்.

நான் இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு நானே வெளியே போய்க் கேட்டுக்கொண்டு, உள்ளே வந்து, ஒன்றுமில்லை என்று சொன்னவன். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கஞ்சி குடித்தார். கட்டிலில் கிடந்து பார்க்கும்போதுதான் அந்த வாசல் எவ்வளவு தூரம் என்று தெரிகிறது.

ரூபி எழுந்து போனாள். வாசல் வரை போய் நின்றுவிட்டாள்.

"டாக்டர், அவங்ககிட்டயே சொல்லுங்க."

"இல்லம்மா, பேஷண்ட் டென்ஷன் ஆயிருவாரு."

"ஆகட்டும் டாக்டர். நெஞ்சு அவங்களுதுல்லா."

டாக்டர் திரும்பி வந்தார். கோபமெல்லாம் இல்லை, கொஞ்சம் கூச்சம்தான். இப்போதுதான் என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். ஒரு குழாயில் எண்பது சதவீதம் அடைப்பு. மற்ற இரண்டும் பரவாயில்லை. ஸ்டென்ட் வைத்தால் போதும், ஆபரேஷன் வேண்டாம். இன்னும் ஒரு மாதம் கேஸ் என்று சொல்லிக்கொண்டு பம்ப் தூக்கியிருந்தால் வேறு கதை. நான் இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டுக்கும் பதில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பயந்தேன். ஆங்ஷியஸ் இல்லை, நெர்வஸ் இல்லை. ஸ்கேர்டு. ரூபியிடம் அதை அப்படியே சொன்னேன். "நானுந்தான்" என்றாள்.

7 ஜூலை, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. வந்ததும் சண்டை.

பரீட்சை எழுதப் போவதில்லை என்கிறாள். நான் போகத்தான் வேண்டும் என்றேன். நீ எழுதாவிட்டால் நான் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்றேன். அசட்டுத்தனம். சொன்ன மறுநிமிடமே எனக்கே தெரிந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"இத இனிமே சொல்லாதீங்க. எனக்காகத்தான் மறச்சேன்னும் சொல்லாதீங்க. ஒன்றரை மாசம் தெனமும் காலைல எதுத்தாப்ல ஒக்காந்து இங்கிலீஷ்ல வலி வலின்னு சொன்னீங்கல்லா. தமிழ்ல ஒரு வார்த்த சொன்னீங்களா? பக்கத்துல இருக்கும்போதே சொல்லல. நான் அங்கன போயிட்டா யாரு எனக்குச் சொல்லுவா?"

டைரியோடு வாசலில் வந்து உட்கார்ந்தேன்.

நான் என்ன செய்வேன். சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டா. சொல்லல, இப்பவும் எழுதலங்கா. பொறவு எதுக்கு மறச்சேன். படியில ஒக்காந்து ஒக்காந்து எந்திரிச்சு வந்தது எதுக்கு. அவ கேக்கது நியாயந்தான். அதான் ஆத்திரமா வருது.

8 ஜூலை, செவ்வாய்

 மாத்திரை மட்டும் வேளைக்கு வருகிறது, தண்ணீரோடு.

9 ஜூலை, புதன்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலி காலி. ஆறு மணிக்கு வந்தாள். கார்டு கொண்டு வரவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை.

நானே சொன்னேன். தமிழில். ஸ்டென்ட் வைக்கத் தொடையில் ஊசி போட்ட இடம் தொட்டால் நோகிறது. நெஞ்சில் ஒன்றுமில்லை, நிஜமாகவே இல்லை. குளியலறை வரை போனால் கால் தளர்கிறது. மறுபடி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீ போகாமல் இருந்துவிட்டால் அதைவிட அதிகப் பயம், ஏனென்றால் அந்த விசா பெட்டிக்குள் இன்னொன்றையும் மடித்து வைப்பாய், அதையும் சொல்லிக் காட்ட மாட்டாய். தினமும் இப்படிச் சொல்லிவிடுகிறேன். நீ எங்கே இருந்தாலும்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஃபைன்னு சொல்லக் கூடாது."

"சரி."

"ஒண்ணுமில்லன்னும் சொல்லக் கூடாது. என்னென்ன இல்லன்னு தனித்தனியாச் சொல்லணும்."

"சரிட்டி."

"கேஸ்னு மட்டும் சொன்னீங்க, அடுத்த பிளைட்டுல வந்து எறங்கிருவேன்."

எழுந்து போய்க் கார்டை எடுத்து வந்தாள். மூன்று நாள்தான் இருக்கிறது. இன்று நான் சிறுநீரகக் கல்.

10 ஜூலை, வியாழன்

ட்ரீட்: வைத்தியம் செய்வது. பலன் வேறு விஷயம்.
கியூர்: நோயே இல்லாமல் ஆக்குவது.
ரிலீவ்: வலியைக் குறைப்பது.
ஹீல்: புண் ஆறுவது.
ரெகவர்: ஆள் தேறுவது. நாளாகும்.

ஸ்டென்ட் கியூர் இல்லையாம், ட்ரீட்தான். தொடைப் புண் ஹீல் ஆகிறது. நான் ரெகவரிங். வாக்கியத்தில் அமைத்துக் காட்டினேன். ஷாரோன் உச்சரிப்பைத் திருத்தினாள்.

11 ஜூலை, வெள்ளி

வடகரையிலிருந்து ரூபியின் தம்பி பாண்டியராஜ் வந்துவிட்டான், என்னைக் காவல் காக்க. செங்கோட்டை வழியாகப் போகிற ரயிலில் ரூபி கிளம்பினாள். ஸ்டேஷனுக்கு வரக் கூடாதென்று உத்தரவு. வாசல் வரை போய் நின்றேன்.

12 ஜூலை, சனி

மத்தியானம் போன். "எப்படிட்டி?"

"தெரியல. ஆனா கூட யாரு வந்திருக்கான்னு கேக்கல."

பாண்டியராஜ் சமைத்தான். உப்பில்லாமல் சமைக்கச் சொன்னதைப் புளிக்கும் காரத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டான்.

28 ஜூலை, திங்கள்

முந்நூற்று அறுபது.

ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்தாள். பின்னால் மற்ற நர்ஸுகளின் கூச்சல். கடையில் இருந்த எல்லாருக்கும் டீ சொன்னேன். சந்தோஷம்தான். டீ வருவதற்குள் நெஞ்சு கனத்தது. இது அது இல்லை. பாரம் தூக்கவில்லை, தாடைக்குப் போகவில்லை, உட்கார்ந்தும் போகவில்லை. சாயங்காலம் ரூபியிடம் தினசரி அறிக்கை கொடுக்கும்போது டைட்னஸ் இல்லை, மூச்சு வாங்கவில்லை என்றேன். இதைச் சேர்க்கவில்லை. இதற்கு எந்தக் கார்டிலும் இடம் கிடையாது.

19 நவம்பர், புதன்

திருவனந்தபுரம் ஏர்போர்ட். ஷாரோன் அழுதாள். ரூபி அழுதாள். நான் டிராலியைத் தள்ளினேன். திரும்பி வரும்போது ஆரியங்காவில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். ஷாரோன் என் பையிலிருந்து மத்தியான மாத்திரையை எடுத்து நீட்டினாள். அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

20 நவம்பர், வியாழன்

போய்ச் சேர்ந்துவிட்டாள். குளிராம்.

14 டிசம்பர், ஞாயிறு

அறிக்கை தவறாமல் போகிறது. அங்கே அவளுக்குக் காலை ஆறு மணி, இங்கே பதினொன்றரை. டியூட்டிக்குக் கிளம்புமுன் கூப்பிடுவாள். முதல் கேள்வி எப்போதும் இங்கிலீஷில்: இன்றைக்கு எப்படி உணர்கிறீர்கள் என்று. கேலிதான். நான் தமிழில் சொல்வேன். பிரஷர் எவ்வளவு, எத்தனை படி ஏறினேன், எதெது இல்லை. ஐந்தருவி லாட்ஜில் மூன்று மாடி ஏறியும் ஒன்றும் வரவில்லை. பம்பை வேறு ஆள் தூக்கினான்.

முதல் வாரம் அங்கே ஒரு நோயாளி அம்மாளைத் துடைத்து விடும்போது, இவள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தாளாம். அந்த அம்மாள் பூனையைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாளாம்.

"பேஷண்டே பேசுதாங்க இங்க. யாரும் கூட வர்றதே இல்ல" என்றாள். அது அவளுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று குரலில் தெரியவில்லை.

25 டிசம்பர், வியாழன்

சர்ச்சில் நாற்காலி அடுக்கவில்லை. எல்லாரும் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

9 பிப்ரவரி 2026, திங்கள்

இன்னும் ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் அந்த இரண்டு நாற்காலியும் எதிரெதிரே அப்படியேதான் கிடக்கின்றன. ஷாரோன் இரண்டு தடவை எடுத்து ஓரமாகப் போட்டாள். நான் திரும்பப் போட்டேன். இன்று காலை உட்கார்ந்து இந்த டைரியின் பழைய பக்கங்களைப் படித்தேன். பெயின், ஏக், சோர். எங்கே வலிக்கிறது, எப்போது வரும், எது செய்தால் போகும். எல்லாம் இருக்கிறது. மூன்று மாதமாக அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். கார்டில் எழுதியிருந்ததுபோல.

பதினொன்றரைக்குக் கடையில் போன் அடித்தது. கேட்டாள். வழக்கம்போல் ஆரம்பித்தேன். டைட்னஸ் இல்ல. மூச்சு வாங்கல. பிரஷர் நூத்தி இருபத்தெட்டு. மாத்திரை போட்டாச்சு.

"பொறவு?" என்றாள்.

கடைக்கு எதிரே லோடு ஆட்டோ வந்து நின்றது. நாறும்பூநாதன் அண்ணாச்சி மோட்டாரோடு இறங்கிக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனேன்.

"நீ இல்லாம கஷ்டமா இருக்குட்டி."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். இந்த வாக்கியத்தை நான் எந்த மொழியிலும் சொன்னதில்லை.  லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். நோயாளி ஏதாவது சொல்லி நிறுத்தினால் உடனே உள்ளே புகுந்து ஆறுதல் சொல்லக் கூடாது, இருக்க வேண்டும் என்று மிஸ் சொல்லிக்கொடுத்தது. ஆனால் மூச்சுவிடுகிற விதத்தில் அழுகிறாள் என்று தெரிந்தது.

பிறகு தமிழில் கேட்டாள். மெதுவாக.

"அதப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."

சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன். ஷாரோன் உன்னைப்போலவே கையைக் கழுவுகிறாள் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உன் இடத்தில் யாரும் உட்காராமல் பக்கத்தில் பையை வைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். டிராலியைத் தள்ளும்போது ஏன் பேசவில்லை என்று சொன்னேன். அவளும் சொன்னாள். அங்கே ரூமில் ஒரே ஒரு நாற்காலிதானாம்.

நான் முன்னால் வந்தபோது அண்ணாச்சி மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.